வில்லனுக்கு என் மூக்கு

எங்கள் குடும்பத்தில் ஒரு வில்லன் இருக்கிறான் என்று எனக்குத் தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தபோது.

பேத்தி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்திருந்தாள். அங்கே கல்யாணக் கார்டு அடிக்கும் கடை ஒன்றில் கம்ப்யூட்டரில் படம் போடுவது அவள் வேலை. ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வாரக் கடைசியானால் ஒரு பை நிறைய அழுக்குத் துணியோடு வீட்டுக்கு வருவாள். துணி எங்களுக்கு, சாப்பாடு அவளுக்கு. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை கிடையாது.

அன்றைக்குத் துணிப்பையைக் கீழே வைக்காமலேயே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் அவள் படம் வரைகிற அந்தத் தட்டை கம்ப்யூட்டர்.

"பாட்டி, ஒன்னு காட்டுறேன். சிரிக்கக்கூடாது."

"அப்ப காட்டாத. எனக்கு சிரிக்காம இருக்கத் தெரியாது."

"சீரியஸா லா, பாட்டி."

அது அவள் ரொம்ப நாளாக வரைந்துகொண்டிருந்த காமிக்ஸ் கதை. நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து என்றால் பஸ் போர்டு படிப்பேன், மருந்து டப்பாவில் என் பெயரைக் கண்டுபிடிப்பேன், அவ்வளவுதான். ஆனால் படக்கதை எனக்குச் சரிப்படும். அதில் எழுதியிருப்பதைவிட முகத்தில் இருப்பதுதான் அதிகம். முகம் படிக்க எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாம்.

கதாநாயகி மோட்டாரில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிற பெண். பெட்டியைத் திறந்தால் உள்ளேயிருந்து நெருப்பு வரும். நல்லவர்களுக்குச் சோறு, கெட்டவர்களுக்கு நெருப்பு. உடம்போடு ஒட்டின சட்டை, காலோடு ஒட்டின சிலுவார்.

"பரவால்ல, ஜட்டிய உள்ளதான் போட்டிருக்கா," என்றேன். "வெள்ளக்கார படத்துலல்லாம் வெளிய போட்டுக்கிட்டுல்ல பறப்பானுங்க."

"பாட்டி!"

அடுத்தது வில்லன் வந்தான். ஆள் நல்ல உயரம், வாட்டசாட்டம். கையில் ஒரு பெல்ட். அதைச் சுழற்றினால் மின்னல் கிளம்பும், கோலாலம்பூரில் பாதிக் கட்டடம் சரியும். எனக்குக் கதாநாயகியைவிட இவனைத்தான் பிடித்தது. சும்மா சோறு கொண்டு போகிறவளைவிட ஊரை இடிக்கிறவனுக்கு வேலை அதிகம் இல்லையா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே பார்த்தேன். மீசை தெரிந்த மீசையாக இருந்தது. மூக்கு அதைவிடத் தெரிந்த மூக்காக இருந்தது. நுனியில் கொஞ்சம் உருண்டு, இடது பக்கம் சாய்ந்து. தினமும் குளியலறைக் கண்ணாடியில் நான் பார்க்கிற மூக்கு. என் பிள்ளைகளில் ஒருவனுக்குத்தான் அது வந்திருக்கிறது.

"இது உங்கப்பன்ல்ல?"

அவள் தலையை ஆட்டினாள். கண் கலங்கிவிட்டது.

"வேணும்னு செய்யல பாட்டி. வில்லனுக்கு ஒரு முகம் வேணும். வரஞ்சேன், வரஞ்சேன், அப்பா முகம் வந்துடுச்சு. மாத்திப் பாத்தேன், கதையே செத்துப் போச்சு. திங்கட்கிழமை பிரிண்டுக்குக் குடுக்கணும். அப்பா பாக்காம குடுக்க மாட்டேன். அவரு வேணாம்னு சொன்னா அவ்வளவுதான், இத தூக்கி குப்பையில போட்டுருவேன்."

"போட்டுருவியா? எவ்வளவு நாளா கண்ணு கெட்டுப் போற மாதிரி வரையுற."

"எனக்கு இருக்கிறது ஒரே அப்பா பாட்டி."

அழுகையை அடக்கிக்கொண்டு நெத்திலித் தலையை எடுத்துக் கிள்ளத் தொடங்கினாள். தலையைப் பாத்திரத்திலும் உடம்பைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பாத்திரத்தை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் வில்லன் எப்படி வில்லன் ஆனான் என்கிற பக்கங்களைக் காட்டினாள். ஒரு கிழவர், தலையில் தொப்பி, முட்டி வரை சிலுவார், கையில் பெல்ட். எதிரே மூலையில் ஒரு பையன். அடுத்த பக்கத்தில் அந்தப் பையன் வளர்ந்து பெரியவனாகி அதே பெல்ட்டோடு நிற்கிறான். மூலையில் இப்போது வேறு பையன். அதற்கும் அடுத்த பக்கத்தில் அந்த இரண்டாவது பையனுக்கு மீசை வந்து, என் மூக்கோடு, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கதவுச் சந்தில் ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்க்கிறாள். அதற்கப்புறம் பக்கம் காலி.

படத்தில் பின்னால் தெரிகிற சுவரில் ஒரு ஆணி. ஆணிக்கு மேலே இரண்டு போட்டோ. அது எங்கள் வீட்டுச் சுவர்தான். மின்சார மீட்டர் பெட்டியைக்கூட விடாமல் வரைந்திருந்தாள்.

அந்தப் பெல்ட்டின் கதையைச் சொல்லவேண்டும்.

என் மாமனார் பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் பால் வாளியைக் கொட்டிவிட்டால் வேலை வாங்குகிற மண்டோர் அடிப்பான். மண்டோரிடம் அடி வாங்கி மானத்தை வாங்கிவிட்டாய் என்று வீட்டில் அவருடைய அப்பா மறுபடி அடிப்பார். ஒரே குற்றத்துக்கு இரண்டு கோர்ட்டு. பிறகு காலம் போய் அவரே மண்டோர் ஆனார். அன்றைக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் இடுப்பிலிருந்த பெல்ட்டைக் கழற்றி அவருக்குக் கொடுத்தாராம். தடித்த தோல், பித்தளைப் பக்கிள். எங்கள் வம்சத்தில் வாளி தூக்காமல் நிமிர்ந்து நடந்த முதல் ஆள் அவர்தான், அந்தப் பெல்ட்டுதான் அதற்குச் சாட்சி. ஆகையால் அது பெல்ட்டு இல்லை, சொத்து. பகலில் இடுப்பில் இருக்கும். சாயங்காலம் கள்ளுக்கடையிலிருந்து வந்தபின் கையில் இருக்கும்.

அதற்குப் பயந்து வளர்ந்தவர் என் வீட்டுக்காரர். மாமனார் போனபோது மற்ற அண்ணன் தம்பிகள் மாடு, தையல் மெஷின், பித்தளை அண்டா என்று எடுத்துக்கொண்டார்கள். இவருக்குப் பெல்ட் வந்தது. துரைமார் தோட்டத்தை விற்றதும் நாங்கள் கிள்ளானுக்குக் குடிவந்தோம். பெல்ட்டும் வந்தது. மகன் கணக்கில் தோற்றால் பெல்ட். ரோட்டில் விளையாடினால் பெல்ட். குழம்பில் உப்பு கூடினால் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. "நானும் இதால வளந்தவந்தான், எனக்கு என்னா கொறச்சல்?" என்று கேட்பார். நான் மனசுக்குள் ஒவ்வொரு குறைச்சலாக எடுத்து அடுக்குவேன். அடுக்கி முடிப்பதற்குள் அவர் தூங்கிவிடுவார்.

இதில் வேடிக்கை தீபாவளிக்கு முதல் நாள்தான். செத்தவர்களுக்குப் படையல் போடுவோம். மாமனாருக்குப் பிடித்த ஆட்டுக்கறி, சுருட்டு, கறுப்பு பீர், புது வேட்டி. இவற்றோடு அவர் ஆசையாக வைத்திருந்த பொருள் என்று பெல்ட்டையும் தாம்பாளத்தில் சுருட்டி வைப்பார் என் வீட்டுக்காரர். அதற்குச் சந்தனம், குங்குமம். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது என் வேலை. முதுகில் பக்கிள் பட்ட புண் காய்வதற்கு முன்னால் அதே பக்கிளுக்குப் புளி தேய்த்திருக்கிறேன். படையல் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்போம், செத்தவர் வந்து சாப்பிட வேண்டும் என்று. கதவைத் திறக்கும்போதெல்லாம் நான் முதலில் பெல்ட்டைத்தான் பார்ப்பேன், கையோடு எடுத்துக்கொண்டு போயிருப்பாரா என்று. எங்கே! பீர்கூடக் குறைந்திருக்காது.

பிறகு என் வீட்டுக்காரரும் போட்டோவுக்குள் போனார். மகன் படையலை அப்படியே தொடர்ந்தான். இரண்டு போட்டோ, ஒரே பெல்ட். ஆணியிலிருந்து எடுப்பான், வைப்பான், முடிந்ததும் திரும்ப மாட்டுவான். மற்ற நாளில் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பேத்தி சின்னவளாக இருந்தபோது பெல்ட்டுக்குப் பொட்டு வைக்கிற வேலையை அவளிடம் கொடுத்தோம். பாம்புக்குப் பொட்டு வைக்கிற மாதிரி இருக்கிறது என்று அவளுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

"எல்லா வீட்லயும் இப்படித்தான்னு நெனச்சேன் பாட்டி," என்றாள் அன்றைக்கு. "ரூம்ல கூட இருக்கிறவ கிட்ட தீபாவளி படையல் போட்டோ காட்டினேன். அவ கேட்டா, 'இது என்னா லா, உங்க வீட்ல பெல்ட்ட கும்புடுவீங்களா?' நான் சொன்னேன், அது எங்க பூட்டனோடது, எங்க தாத்தாவ அடிச்சது, எங்க அப்பாவ அடிச்சதுன்னு. சொல்லிக்கிட்டே இருக்கேன், அவ மூஞ்சி போற போக்கப் பாத்துதான் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு ஒக்காந்து வரஞ்சதுதான் இது."

நான் நெத்திலியைக் கழுவி வைத்தேன். என்னிடம் யாராவது அந்த வயதில் அப்படி ஒரு கேள்வி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? 'ஆமா, ரொம்ப சக்தி வாய்ந்த சாமி' என்று சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன்.

மகன் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். சாயங்காலம் வந்தான். மருமகள் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு, அன்றைக்கு வீட்டில் இல்லை. கையில் மீ கோரெங் பொட்டலத்தோடு வந்தவனைப் பேத்தி நிமிர்ந்தே பார்க்கவில்லை. இவள் இப்படியே உட்கார்ந்திருந்தால் திங்கட்கிழமை வந்து போய்விடும். நான்தான் வாயைத் திறந்தேன்.

"டேய், ஒன்னைய படத்துல போட்டிருக்கா ஒம்மக."

"எந்தப் படத்துல?"

"நீதான் வில்லனாம். சாப்ட்டுட்டுப் பாரு, பாத்துட்டா எறங்காது."

"பாட்டி!" என்று பேத்தி கத்தினாள். நான் நெத்திலி சம்பலைக் கிண்டப் போய்விட்டேன். சமையல்கட்டிலிருந்து சாப்பாட்டு மேசை நன்றாகத் தெரியும்.

அவன் கையைக் கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக விரலால் தள்ளினான். கதாநாயகியைப் பார்த்துச் சிரித்தான். மோட்டாரின் நம்பர் பிளேட்டைப் பார்த்து, "இது பினாங்கு நம்பர்லா, கே.எல்.-ல எப்படி?" என்று கேட்டான். பிறகு சிரிப்பு நின்றது. தொப்பிக்காரக் கிழவர் வந்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். சம்பல் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, நான் கரண்டியை அசைக்கவில்லை.

அந்தப் பக்கங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான். கடைசியில் என் வீட்டுக்காரரின் படத்தின் மேல் விரலை வைத்தான்.

"இது தப்பு."

பேத்திக்கு முகம் வெளுத்துவிட்டது. "எதுப்பா?"

"பக்கிள் கையில இருக்கு பாரு. அப்படி புடிக்க மாட்டாரு. இந்த வால் பக்கத்த கையில சுத்திக்குவாரு. பக்கிள் வெளிய இருக்கும். அதுதான் வந்து விழும்."

கண்டெய்னரை எப்படிப் பின்னால் எடுக்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி அமைதியாகச் சொன்னான். பேத்திக்கு உடனே அப்பா மறந்துபோய் வேலை ஞாபகம் வந்துவிட்டது. வரைகிற பிள்ளைகள் அப்படித்தான்.

"சுத்துனா கை முஷ்டி எப்படி இருக்கும்? எனக்குப் புரியலப்பா. கொஞ்சம் காட்டுங்களேன்."

அவன் எழுந்து ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்தான். வாலைக் கையில் ஒரு சுற்று சுற்றினான். "இப்படி. பிறகு இப்படி," என்று கையைத் தூக்கினான்.

அடுத்து என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தபோது நான் ஐஸ்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு கையும் தலைமேல். கரண்டி எங்கேயோ கிடந்தது. எழுபது வயதைத் தாண்டினவள், முட்டி வலியால் சாமி அறையில் நின்றபடியே கும்பிடுகிறவள், அந்தச் சந்துக்குள் எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் அளந்து பார்க்கிறேன். பூனை போகிற இடம் அது.

"ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல," என்றேன். "கரண்டி விழுந்துச்சு, எடுக்கப் போனேன்."

கரண்டி அவன் காலடியில் கிடந்தது.

மகன் என்னைப் பார்த்தான். தூக்கின கை அப்படியே நின்றது. பிறகு பெல்ட்டை ஆணியில் மாட்டினான். அது நிற்காமல் கீழே விழுந்தது. எடுக்காமலே சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனான். திடல் ஓரத்தில் நிறுத்தியிருந்த லோரி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. போகவில்லை. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா?" பேத்தி என்னை இழுத்து வெளியே எடுத்தாள். "எப்பவும் இதேதான். நான் ஏதாச்சும் பண்ணிட்டா திட்டக்கூட மாட்டாரு. எந்திரிச்சு லோரிக்குப் போயிடுவாரு. பரீட்சையில பெயில் ஆனப்பவும் அதேதான். நான் பாய்பிரண்ட் வச்சிருக்கேன்னு தெரிஞ்சப்பவும் அதேதான். என்னைய பாக்கவே புடிக்காம போறாருன்னு நெனச்சிக்குவேன். பிரிண்டு வேணாம் பாட்டி. மெசேஜ் போட்டுர்றேன்."

போனை எடுத்தாள். நான் பிடுங்கி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து எடுக்க அவளுக்குத் துணிச்சல் வராது.

"மைலோ கலக்கு," என்றேன். "லோரிக்குப் போவோம்."

"நம்மளா?"

"ஏன், டிக்கெட் கேப்பானா?"

எங்கள் தாமான் வீடுகளுக்கு மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திடலில் பையன்கள் பந்து விளையாடினார்கள். கண்டெய்னர் இல்லாமல் தலை மட்டும் நிற்கிற லோரி பார்ப்பதற்குச் சட்டை இல்லாத ஆள் மாதிரி இருக்கும். மகன் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏர்கண்டிஷனில் உட்கார்ந்திருந்தான். நான் தட்டினேன். கதவைத் திறந்தான்.

அந்தப் படிகள் மனிதர்களுக்குச் செய்ததில்லை. மகன் மேலிருந்து கையைப் பிடித்து இழுக்க, பேத்தி கீழிருந்து பின்பக்கத்தைத் தள்ள, பந்து விளையாடின பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மெதுவா தள்ளும்மா, அடுத்த பக்கம் போய் விழப் போறாங்க," என்றான் மகன்.

"நான் தள்ளல, தாங்குறேன்," என்றாள் அவள்.

ஒருவழியாக மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்தோம். ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருந்ததைவிட உள்ளே குளிராக இருந்தது. நான் மைலோவைக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

"மன்னிச்சிக்கம்மா," என்றான் என்னைப் பார்த்து.

"எதுக்கு? நல்லா நடிச்ச. நானே ஏமாந்துட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. பேத்திதான் கேட்டாள். முன்னால் ஒட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்பா, நான் ஏதாச்சும் செஞ்சா ஏன் இங்க வந்துர்றீங்க?"

அவன் ஸ்டீரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"நீ சின்னப் புள்ள. இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருந்த. என் லைசென்ஸ் மேல கோப்பிய ஊத்திட்ட. கை தானா மேல போயிடுச்சும்மா. அடிக்கல. மேல போச்சு, அவ்வளவுதான். நீ ஒன்னும் பண்ணல, என்னையப் பாத்து சிரிச்ச. கைய தூக்குனா எதுக்குன்னே ஒனக்குத் தெரியல. விளையாட்டுன்னு நெனச்சு நீயும் கைய தூக்குன."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு அந்தச் சிரிப்பு போயிடக்கூடாதுன்னு பயம். எங்கப்பாவுக்கு கை எப்படி வருமோ அப்படியேதான் எனக்கும் வருது. எங்க நிறுத்துறதுன்னு யாரும் காட்டல. அதான், கை மேல போற மாதிரி இருந்தா எந்திரிச்சு வெளிய வந்துடுவேன். இங்க வந்து கதவ பூட்டிக்குவேன். கோவம் இறங்குற வரைக்கும் ஏர்கான் போட்டு ஒக்காந்துருப்பேன். டீசல்தான் தண்டம்."

"என்னைய புடிக்கலன்னு நெனச்சேன்ப்பா."

"ஐயோ," என்றான் அவன். "ஐயோ, பாப்பா."

அவள் அழுதாள். அவன் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன், ஆகையால் அவள் தலை அவன் தோளுக்குப் போகிற வழியில் என் கழுத்து மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டேன். மைலோவை நானே குடித்தேன், ஆறிப் போகக்கூடாது இல்லையா?

முகத்தைத் துடைத்துக்கொண்டபின் அவளே சொன்னாள். "வில்லன் முகத்த மாத்திர்றேன்ப்பா. வேற யாரையாச்சும் போடுறேன்."

"ஏன்? நல்லாத்தானே வரஞ்சிருக்க." அவன் கொஞ்சம் யோசித்தான். "கடைசிப் பக்கத்துல அந்தப் பொண்ணு கதவுகிட்ட நிக்குதே. அத அடிப்பானா?"

"தெரியலப்பா. அதான் காலியா வச்சிருக்கேன். அடிச்சா வில்லன் ஆயிடுவான், கதை கரெக்டா வரும். ஆனா வரைய கை வரல."

"ஊர இடிக்கட்டும்," என்றான் மகன். "கட்டடம்தானே, திரும்பக் கட்டிக்குவானுங்க. அந்தப் பொண்ண விட்டுட சொல்லு. எந்திரிச்சு வெளிய போகட்டும்."

"எங்க போவான்?"

"அவனுக்கு ஒரு லோரி குடு."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு தட்டை கம்ப்யூட்டருக்காகக் கையை நீட்டினாள், அது வீட்டில் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு ஒரே குதியில் இறங்கி ஓடினாள்.

"டயர எண்ணி வரை!" என்று மகன் பின்னாலிருந்து கத்தினான். "சும்மா நாலு டயர் போட்டு வைக்காத!"

"மூக்க என்னா பண்றது?" என்று நான் கேட்டேன்.

"அது இருக்கட்டும்மா. அது ஒன்னுதான் அந்த ஆளுங்ககிட்டேர்ந்து வரல."

என்னை இறக்க மறுபடி அதே கூத்து. இந்த முறை பந்து விளையாடின பையன்கள் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போனது. அதற்குள் மூன்று புதுப் பக்கங்கள் வந்துவிட்டன. ஊரே வில்லன் வருவான் என்று ஓடி ஒளிகிறது. கதாநாயகி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நிற்கிறாள். வில்லன் லோரியில் ஏறிக் கதவைப் பூட்டி ஏர்கண்டிஷனைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குப் பொறுமை போய், பெட்டியிலிருந்து நெருப்புக்குப் பதிலாக நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியைத் தட்டுகிறாள். மைலோவை நாசி லெமாக் ஆக்கினதற்கு நான் ஆட்சேபம் தெரிவித்தேன். வரைவதற்கு அதுதான் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

பெல்ட்டை அவள் பிரிக்பீல்ட்ஸுக்கு எடுத்துப் போயிருந்தாள், கை முஷ்டியைச் சரியாக வரைய. மகன்தான் பேரங்காடிப் பையில் போட்டுக் கொடுத்தான். தீபாவளி வந்தது. படையல் அன்றைக்கு மருமகள் தாம்பாளத்தைத் துடைத்துவிட்டு ஆணியைப் பார்த்தாள்.

"மாமா பெல்ட் எங்கங்க? அத்தை தேச்சிட்டாங்களா?"

"பாப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிருக்கா," என்றான் மகன்.

"இன்னிக்குக்கூடயா? சாமி குத்தம் ஆயிடப் போவுதுங்க."

"அவங்களுக்கு ஆட்டுக்கறி இருக்கு. அது போதும்."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் கரைத்து வைத்திருந்த புளியைப் பார்த்தேன். வீணாக்குவானேன் என்று ரசம் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றபோது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, உள்ளே இரண்டு பேரும் பெல்ட்டைத் தேடுகிறார்களோ என்று. பிறகு, தேடட்டுமே என்று நினைத்துக்கொண்டேன். திறந்து பார்த்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது. ரசம் நன்றாக வந்திருந்தது. பேத்தி இரண்டு முறை ஊற்றிக்கொண்டாள்.

பெல்ட் இப்போது அவள் அறையில் கட்டிலுக்கடியில் ஒயர்களோடு ஒரு பெட்டியில் கிடக்கிறதாம். திருப்பிக் கொண்டு வா என்று யாரும் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து கோலாலம்பூரில் படக்கதைக்காரர்களின் சந்தை ஒன்று நடந்தது. அதற்கு என்ன உடுத்துவது என்று மகனுக்குப் பெரிய கவலை. என்னை மஸ்ஜித் இந்தியாவுக்கு இழுத்துப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி நீலப் பட்டுச் சட்டை ஒன்று வாங்கினான். மண்டபத்துக்குள் போனால் அங்கே ஒருவன் தலையில் கொம்பு, ஒருத்திக்கு முதுகில் இறக்கை, ஒருவன் முழுக்கத் தகரத்தால் செய்த உடுப்பில் நடக்க முடியாமல் நடக்கிறான். அந்தக் கூட்டத்தில் வேஷம் போட்டவன் மாதிரித் தெரிந்தது என் மகன்தான்.

பேத்தி ஒரு சின்ன மேசையில் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தாள். நான் பின்னால் நாற்காலியில். வருகிறவர்களையெல்லாம் மகன் கூப்பிட்டான்.

"வாங்க பாஸ், எடுத்துப் பாருங்க. படிக்கிறதுக்குக் காசு கிடையாது."

கொம்பு வைத்த பையன் ஒருவன் எடுத்துப் புரட்டினான். புத்தகத்தைப் பார்த்தான், மகனைப் பார்த்தான், மறுபடி புத்தகத்தைப் பார்த்தான்.

"அங்கிள், இது... நீங்களா?"

பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் காது சிவந்தது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

"நான்தான்லா வேற யாரு?" என்றான் மகன். "எம்மகதான் வரஞ்சா. கடைசி வரைக்கும் படிங்க, பாதியில மூடிட்டுப் போயிட்டா என்னையத் தப்பா நெனச்சிக்குவீங்க."

அந்தப் பையனுக்கு வில்லனோடு ஒரு போட்டோ வேண்டுமாம். போனை என்னிடம் கொடுத்தார்கள். மகன் பட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினான். பேத்தி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"கோவமா பாருங்கப்பா. நீங்க வில்லன்."

அவன் புருவத்தைச் சுருக்கினான். மீசை துடித்தது, பல் வெளியே வந்துவிட்டது.

"இல்லப்பா, இன்னும் கோவமா. பயமா இருக்கணும்."

"இரு, இரு." மறுபடி முயன்றான். மறுபடி சிரிப்பு.

"அப்பா, சீரியஸா லா! கோவமா என்னையப் பாருங்க!"

அவன் அவளைப் பார்த்தான். அதோடு சுத்தமாகப் போயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அவளும் அவன் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சிரித்தாள். கொம்புக்காரப் பையன் மட்டும் பாவம், கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றான். நான் அந்த நேரத்தில் அழுத்திவிட்டேன். அந்த மூன்று பேரில் வில்லன் யார் என்று கேட்டால் எல்லாரும் அந்தப் பையனைத்தான் காட்டுவார்கள்.